சடுகுடுக் கதையை நான் நிறுத்திய நாள்

மலைப் பள்ளிகளுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். சேர்த்து எழுதுக, பிரித்து எழுதுக இரண்டையும் பிள்ளைகள் மனத்தில் எப்படிப் பதிய வைப்பது? அதைச் சொல்கிறேன், அது சுலபமான பாகம். ஆனால் அதைக் கேட்டவுடன் எழுந்து போய்விடாதீர்கள். நான் சொல்ல வேண்டியது அதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

ஜவ்வாது மலைக்கு நான் வேலைக்கு வந்தபோது எனக்கு இலக்கணம் நன்றாகத் தெரியும், பிள்ளைகளைத் தெரியாது. திங்கட்கிழமை காலை அடிவாரத்திலிருந்து ஜீப்பில் ஏறி வருவேன். பள்ளியை ஒட்டிய அறையில் தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை இறங்கிப் போவேன். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் என்னிடம் இருந்தன. முதல் வாரமே பலகையில் 'கை + பந்து = கைப்பந்து' என்று எழுதி, வல்லினம் மிகும் இடங்களை வரிசையாகச் சொன்னேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். யார் முகத்திலும் ஒன்றும் அசையவில்லை.

பிறகு 'ஆடுகளம்' என்று எழுதி, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

முன் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "ஆடு மேயற எடம் டீச்சர்."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தேன். எங்கள் பள்ளியின் விளையாட்டுத் திடலில் ஆடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் சொன்னதில் அவளளவில் பிழையே இல்லை.

அப்படிச் சொன்னவள் பெயர் பச்சையம்மாள். ஐந்தாம் வகுப்பு. எல்லோருக்கும் அவள் பச்சை. மெலிந்த உடம்பு, ஆனால் மூச்சு நீளம். அன்று மாலை பிள்ளைகள் சடுகுடு ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை பாடிக்கொண்டே எதிரணிக்குள் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினாள். தொடப்பட்டவள் வெளியே போனாள். பச்சையின் அணியில் முன்பு அவுட்டாகி உட்கார்ந்திருந்தவள் துள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒருத்தி வெளியே, ஒருத்தி உள்ளே. எனக்கு அங்கேயே பாடம் கிடைத்துவிட்டது.

மறுநாள் பலகையில் 'ஓட்டம் + பந்தயம்' என்று எழுதினேன். "இது ரெண்டும் ஒரே அணியா சேரணும். யாரு அவுட்டு? யாரு உள்ள வராங்க?" என்றேன்.

கொஞ்ச நேரம் முணுமுணுத்துப் பார்த்தார்கள். பச்சைதான் முதலில் கத்தினாள். "ஓட்டப்பந்தயம்! ம் அவுட்டு டீச்சர்! ப் உள்ள வந்துச்சு!"

வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது. அன்றைக்கே மரக்கிளையும் வட்டப்பாதையும் ஆளுக்கொரு ம்மை வெளியே அனுப்பின. மறுநாள் வீட்டிலிருந்து பலாச்சுளை கொண்டுவந்த பச்சை, அதை என் கையில் கொடுத்துவிட்டு, "பலா, சுளை. இதுல யாரும் அவுட் ஆகல டீச்சர். ச் மட்டும் புதுசா வந்துருக்குது" என்றாள்.

அதற்கு மேல் கதை தானாக வந்தது. மலையூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெண்கள் சடுகுடு அணி. அதன் தலைவி பெயர் சிட்டு. தினமும் கடைசி வேளையில் கொஞ்சம் கதை சொல்வேன். கதையில் கூட்டுச்சொல் வந்தால் பிள்ளைகள் கை தட்டி என்னை நிறுத்தலாம். ஆனால் நிறுத்தியவர் அந்தச் சொல்லைப் பிரித்து, நடுவில் வந்தவர் யார், வெளியே போனவர் யார் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் கதையைக் கெடுத்ததற்காக மற்றவர்கள் திட்டுவார்கள். நடுக்கோடு, எல்லைக்கோடு, வெற்றிக்கோப்பை, தொடரோட்டம் எல்லாம் இப்படித்தான் படித்தோம். பள்ளிக்கே வராத பிள்ளைகளும் கடைசி வேளைக்கு மட்டும் ஓடி வந்தார்கள். கிழங்கு தோண்டப் போனவன் மண் கையோடு வந்து கதவோரம் நின்றான்.

ஒருநாள் பச்சை கேட்டாள். "டீச்சர், ஆடுகளத்துல மட்டும் ஏன் க் வரல?"

நேற்று ஆடினது, இன்றைக்கு ஆடுவது, நாளைக்கு ஆடப்போவது மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருப்பதால் வேறு எழுத்துக்கு இடமில்லை என்றேன். இலக்கணத்தில் அதை வினைத்தொகை என்பார்கள். ஐந்தாம் வகுப்புக்கு அந்தப் பெயர் தேவையில்லை, அர்த்தம் போதும். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அது எப்பவும் நிக்கவே நிக்காதா?" என்றாள்.

உங்களுக்கு வேண்டிய பாடம் இவ்வளவுதான். இனி நடந்ததைக் கேளுங்கள்.

வட்டார விளையாட்டுப் போட்டி அடிவாரத்தில் நடக்கும். அந்த ஆண்டு எங்கள் பள்ளிப் பெண்கள் அணியை முதன்முறையாக அனுப்ப முடிவு செய்தோம். பச்சைதான் அணித் தலைவி. அவர்களுக்கு மஞ்சள் பனியன் வாங்கி வந்தேன். போட்டிக்கு முந்தைய நாள் என் கதையில் மலையூர் அணியும் போட்டிக்குக் கிளம்பியது. வழியில் அவர்கள் வண்டி பழுதாகி நின்றது. சிட்டு பயப்படவில்லை. "வாங்கடி, ஒற்றையடிப்பாதையில் இறங்கிடலாம்" என்றாள்.

கைதட்டல். பச்சை எழுந்தாள். "ஒத்தை, அடி, பாதை! மூணு பேரு டீச்சர்! நடுவுல ய் ஒண்ணு, ப் ஒண்ணு!"

மூன்று சொல் சேர்ந்த சொல்லை எங்கள் வகுப்பு பிரித்தது அதுதான் முதல் தடவை. நான் கதையை அங்கேயே நிறுத்தினேன். மீதி, போட்டி முடிந்து அவர்கள் வந்த பிறகு என்றேன்.

மறுநாள் தலைமையாசிரியர் அணியைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் போனார். ஜீப் ஓட்டியவர் கோவிந்தன், பச்சையின் தாய்மாமன். நான் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு இருந்தேன். பிற்பகலில் பச்சையின் அம்மா ஏதோ வேலையாகப் பள்ளிப் பக்கம் வந்தவள், "பசங்க எப்ப திரும்பி வருங்க டீச்சரம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதே நேரம் அடிவாரத்தில் சந்தை முடித்து ஏறி வந்த ஒருவர் எங்களைப் பார்த்துச் சொன்னார்.

"உங்க பொண்ணு ஏன் போவல? பெரிய சார் கேட்டுனு வரச் சொன்னாரு. ஒடம்பு சரியில்லயா?"

அந்த அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "விடியக் காலைலயே பனியன போட்டுனு கெளம்பிச்சே!"

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நேரம் வரும். அப்போது யாரைக் குறை சொல்வது என்று யோசிக்க ஆரம்பிக்காதீர்கள். குழந்தை எங்கே என்பது மட்டும்தான் கேள்வி. அதுவரை நான் சரியாகத்தான் செய்தேன். பிள்ளைகளை வகுப்பிலேயே உட்கார வைத்து, பெற்றோர் வந்து கூட்டிப்போகும் வரை யாரும் வெளியே போகக் கூடாது என்றேன். பச்சையை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. ஆனால் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மெல்லச் சொன்னாள்.

"ஒற்றையடிப்பாதைல போயிருப்பா டீச்சர். கதைல போனாங்கல்ல, அந்த மாதிரி."

சமையல் செய்யும் அம்மாவிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, பக்கத்து நிலத்தில் வேலையாக இருந்த ஆண்கள் இருவரையும் பச்சையின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு காட்டுப்பாதையில் இறங்கினேன். கடுக்காய் பொறுக்கப் போயிருந்த பெண்கள் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் முதுகில் பச்சை இருந்தாள். ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மஞ்சள் பனியன் சேறாகியிருந்தது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்ததும், "போட்டி முடிஞ்சிடுச்சா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலையே அவளைத் திருப்பத்தூர் மருத்துவமனையில் சேர்த்தோம். தலைமையாசிரியர் அங்கே ஓடி வந்தார். "காலைல ஜீப் கெளம்பறப்ப இவ வரவே இல்லைங்க டீச்சர். கொஞ்ச நேரம் பார்த்துட்டுத்தான் கெளம்பினோம்" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அப்படியென்றால் நடந்தது எனக்கு விளங்கிவிட்டது. பச்சை தாமதமாக வந்திருக்கிறாள். ஜீப்பைத் தவறவிட்டிருக்கிறாள். சிட்டு போனது போலப் போகலாம் என்று இறங்கியிருக்கிறாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதால் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஆரஞ்சுப் பழங்களோடு அவளைப் பார்க்கப் போனேன். மாவுக்கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் கண்ணு கதையை நம்பி அப்படிப் போன?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் மேல் கோபம் என்று நினைத்தேன். அந்தக் கேள்வியைத் நீங்களே ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பதிலை நானே உள்ளே வைத்துக் கட்டிவிட்டுத்தான் அதைக் கேட்டிருக்கிறேன். ஒரு குழந்தை அதில் எங்கே நுழைந்து வேறு பதில் சொல்லும்?

அடுத்த வாரம் பெற்றோர்கள் பள்ளியில் கூடிவிட்டார்கள். கோவிந்தன்தான் முதலில் சத்தம் போட்டார். "இஸ்கூல்ல பாடம் நடத்தணும். கத இன்னாத்துக்கு? கத கேட்டு எங்கூட்டுப் பொண்ணு கால ஒடச்சினு கெடக்குது!"

பச்சையின் அப்பா அதிகம் பேசாதவர். அவர் என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, படிக்கத்தான அனுப்பிச்சோம்?" என்றார்.

தலைமையாசிரியர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "டீச்சர், இன்னிக்கு ஒருத்தர் பொண்ணை நிறுத்தினா நாளைக்கு எல்லாரும் நிறுத்துவாங்க. ஏற்கெனவே பெண் பிள்ளைங்களை ஆடு மேய்க்க அனுப்பத்தான் பார்க்கறாங்க. ஒரு வார்த்தை சொல்லி முடிச்சிடுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கூட்டத்தின் முன் வந்து, இனிமேல் கதை சொல்ல மாட்டேன் என்றேன். அதை இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். அந்த நேரத்தில் மற்ற பெண் குழந்தைகள் பள்ளியில் தங்கினார்கள், அது சின்ன விஷயமில்லை. ஆனால் கூட்டம் கலைந்த பிறகு நான் செய்ததற்கு யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வகுப்புக்குள் போனேன். பிள்ளைகள் காத்திருந்தார்கள். "சிட்டுன்னு யாரும் இல்ல. மலையூரும் இல்ல. அதெல்லாம் பொய். பொய்யை நம்பினா என்ன ஆகும்னு பார்த்தீங்க இல்ல?" என்றேன். பிறகு பலகை பக்கம் திரும்பி, வல்லினம் மிகும் இடங்கள் என்று எழுதத் தொடங்கினேன்.

பச்சை திரும்பப் பள்ளிக்கு வரவில்லை. கால் கூடி வரப் பல மாதங்கள் ஆகும் என்றார்கள். பல மாதம் கழித்து ஒருமுறை வீட்டுக்குப் போனேன். ஆட்டோடு போயிருக்கிறாள் என்று அவள் அம்மா சொன்னாள். இரண்டாம் முறை போகவில்லை. அவளுக்கு என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டது எனக்கு வசதியாகவும் இருந்தது. பிறகு கல்யாணமாகிப் புதூர்நாட்டுப் பக்கம் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

சென்ற கோடையில், ஓய்வு பெற்ற பிறகு, பழைய சக ஆசிரியை ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்காகப் புதூர்நாட்டுக்குப் போனேன். திரும்பும்போது ஜீப்புக்காக நின்றேன். புளி மூட்டையைக் கீழே வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண், "வணக்கங்க டீச்சர்" என்றாள். அவள் என் பக்கம் நடந்து வந்தபோது காலை லேசாக இழுத்தாள். அதைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது.

நலம்கூட விசாரிக்காமல், "பச்சை, அந்தக் கதையை நான் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். "இன்னா கத?"

"சிட்டு கதை. அதைக் கேட்டுத்தானே நீ காட்டுல இறங்கிப் போன?"

அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. "அய்ய, அதுக்கா? கதைய கேட்டு எவன் போவான் டீச்சர்? அந்த வழில எங்கம்மா கூட எத்தினி வாட்டி புளி தூக்கினு எறங்கியிருக்கேன். எனக்குத் தெரியாத வழியா அது?"

பிறகு அன்று காலை நடந்ததைச் சொன்னாள். அவள் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். பள்ளிக்குச் சற்று முன்னால் இருக்கும் வளைவிலேயே மாமாவின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். அங்கே பலாப்பழ மூட்டைகளோடு இரண்டு பேர் ஏறினார்கள். இடம் போதவில்லை. கோவிந்தன் அவளை இறங்கச் சொன்னார்.

"'நீ நம்ப வூட்டுப் பொண்ணு தான, எறங்கும்மா. இவங்கள வுட்டுட்டு ரெண்டாவது நடையில உன்ன இட்டுனு போறேன்'ன்னாரு. நானும் அங்கயே ஒக்காந்துனு இருந்தேன். வரல. வெயில் ஏறிச்சு. நான் போவலன்னா தலைவி இல்லாம எப்படி ஆடுவாங்க? அதான் எறங்கிட்டேன்."

"இதை ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"யாரு கேட்டாங்க?" என்றாள். அதில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. "ஆஸ்பத்திரிலயே சொல்லலாம்னு தான் இருந்தேன். நீங்க அழுதுட்டீங்க. அப்பறம் மாமா பேரு வெளிய வந்தா எங்கப்பா சும்மா வுடுவாரா? எங்கம்மாவுக்கு ஒரே தம்பி. வுட்டுட்டேன்."

பத்து வயதுப் பெண், முறிந்த காலோடு படுத்துக்கொண்டு, பெரியவர்கள் எல்லோரையும் காப்பாற்றியிருக்கிறாள். பள்ளியில் எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தபோது வாயே திறக்காத மனிதர், கூட்டத்தில் மட்டும் முதல் ஆளாக ஏன் அவ்வளவு சத்தமாகக் கத்தினார் என்பது எனக்கு அந்த ஜீப் நிறுத்தத்தில்தான் விளங்கியது. சேறான அந்த மஞ்சள் பனியனை நான் என் கண்ணால் பார்த்தேன். விடியற்காலையிலேயே அதைப் போட்டுக்கொண்டு கிளம்பிய பிள்ளை எப்படித் தாமதமாக வந்திருப்பாள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "கால் சரியான பிறகாவது பள்ளிக்கூடம் வந்திருக்கலாமே?"

அவள் மூட்டையின் வாயைச் சரியாகக் கட்டிக்கொண்டே பேசினாள். "கால் ஒண்ணும் இல்ல டீச்சர். ஆறே மாசத்துல நடந்துட்டேன். வூட்ல படுத்துனு இருந்தப்ப பசங்க வந்தாங்க. டீச்சர் இனிமே கத சொல்ல மாட்டாங்க, எல்லாம் உன்னாலதான்னாங்க. அதுக்கப்பறம் எப்படி டீச்சர் வந்து அவங்க கூட ஒக்கார்றது?"

ஜீப் வந்தது. அவள் மூட்டையைத் தூக்கி மேலே வைத்தாள். ஏறும்போது, "வர்றேங்க, ஒடம்ப பாத்துக்கங்க" என்றாள். நான் ஏறவில்லை. அடுத்த ஜீப்பில் போகலாம் என்று நின்றுவிட்டேன்.

தலைமையாசிரியர் இப்போது இல்லை. கோவிந்தனைத் தேடிப் போய்க் கேட்கவும் எனக்கு மனமில்லை. அந்தப் பெண் மூடி வைத்ததை நான் திறப்பது முறையும் அல்ல. அதனால்தான் உங்களிடம் வேறு பெயர்கள் வைத்துச் சொல்கிறேன்.

உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். வகுப்பில் ஏதாவது தவறு நடந்து, எல்லோரும் உங்களைப் பார்க்கும்போது, காரணம் உடனே கிடைத்துவிட்டால் அதை நம்பாதீர்கள். பழியை நீங்களே எடுத்துக்கொள்வது பெருந்தன்மை போலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அது விசாரிக்கும் வேலையிலிருந்து நம்மைத் தப்பிக்க வைக்கும் வழியாகவும் இருக்கலாம். குழந்தையிடம் போய் உட்காருங்கள். அழாதீர்கள். "என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பினால் மறுநாளும் போங்கள். வீட்டில் இல்லை என்றால் ஆடு மேயும் இடத்துக்கே போங்கள்.

பச்சைக்குப் பிறகு, ஓய்வு பெறும் வரை, வருடத்துக்கு ஒரு வகுப்பு என் கையில் வந்து போனது. யாருக்கும் நான் ஒரு கதையும் சொல்லவில்லை. யாரும் ம் அவுட்டு என்று கத்தவில்லை. கை கட்டி உட்கார்ந்து, பலகையில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதிவிட்டு, மணி அடித்ததும் எழுந்து போனார்கள். ஒரு பிழைகூட இல்லாமல் எழுதினார்கள்.